வந்த காயில் சமையல்

ஆவணி, புரட்டாசி மாதங்களில் எங்கள் வீட்டுக்கு வரும் காய்கறிப் பெட்டியில் சீனியவரை இல்லாத வாரம் கிடையாது. சென்னையில் இதைக் கொத்தவரங்காய் என்பார்கள். ஆடிப்பட்டத்தில் ஊன்றிய விதை, நிலம் காய்ந்தாலும் காற்று உலுக்கினாலும் அசராமல் நின்று காய்க்கும். ராஜஸ்தானின் வறண்ட பூமியில் இந்தச் செடியை ஏக்கர் கணக்கில் போடுகிறார்கள், விதையிலிருந்து எடுக்கும் பிசினுக்காக. அங்கே வெயிலைத் தாங்குகிற செடிக்கு எங்கள் ஊர்க் காற்று ஒரு பொருட்டே இல்லை. வாரம் ஒரு கிலோவுக்குக் குறையாமல் வரும். இரண்டே பேர் இருக்கிற வீட்டில் இத்தனை சீனியவரையை என்ன செய்வது என்று திகைத்துத் திகைத்துத்தான், அறுபது வயதைத் தாண்டி நான் சமையல் கற்றுக்கொண்டேன்.

வீடு மேலகரத்தில். தென்காசிக்கும் குற்றாலத்துக்கும் நடுவில் இருக்கிற ஊர். அருவியில் தண்ணீர் விழுகிற நாட்களில் எங்கள் மாடி கைப்பிடிச் சுவரும் ஈரமாகத்தான் இருக்கும். பணி ஓய்வு பெற்ற சில மாதங்களில் மனைவிக்கு முடக்குவாதம் முற்றி விரல்கள் மடங்கிவிட்டன. அரிவாள்மனையில் உட்கார முடியாது, கத்தியையும் பிடிக்க முடியாது. தேங்காய் துருவுவது நின்றது, பிறகு மாவு பிசைவது நின்றது, கடைசியில் கரண்டி என் கைக்கு வந்தது. அவள் அடுப்படியில் ஒரு நாற்காலி போட்டு உட்கார்ந்துகொள்வாள். சொல்லச் சொல்ல நான் செய்வேன்.

அடுப்படிக்குப் புதிதாக வந்தவனுக்குச் சமைப்பதைவிடப் பெரிய பாரம், இன்றைக்கு என்ன சமைப்பது என்று முடிவெடுப்பது. ராத்திரி படுக்கும்போதே அந்தக் கேள்வி பக்கத்தில் வந்து படுத்துக்கொள்ளும். பெண்கள் இதை வாழ்நாள் முழுக்கச் சுமக்கிறார்கள் என்பதை யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை, கரண்டி சொல்லித் தந்தது. கடையம் பக்கம் ஒரு விவசாயி வாரா வாரம் வீட்டுக்கே காய் கொண்டுவந்து தருகிறார் என்று கேள்விப்பட்டதும் நான் உடனே சேர்ந்ததற்கு அதுதான் காரணம். மண்ணைக் காப்பதோ, நஞ்சில்லா உணவோ அப்போது என் மனதில் இல்லை. யாராவது எனக்காக முடிவெடுத்தால் போதும் என்றிருந்தது.

ஏற்பாடு எளிமையானது. மாதம் பிறந்ததும் பணத்தைக் கொடுத்துவிட வேண்டும். ஞாயிற்றுக்கிழமை காலையில் பைக்கின் பின்னால் கட்டிய பிளாஸ்டிக் டிரேயில் காய் வரும். தோட்டத்தில் அந்த வாரம் என்ன இருக்கிறதோ அதை எல்லா வீட்டுக்கும் சரிசமமாகப் பங்கு வைத்திருப்பார். அது வேண்டாம், இது வேண்டும் என்று கேட்பதற்கில்லை. அந்தத் தம்பிக்கு நாற்பது வயதிருக்கும். என்னை அண்ணாச்சி என்பார், என் மனைவியை மதினி. முதல் நாளே சொல்லிவிட்டார்: "அண்ணாச்சி, தோட்டத்துல வெளஞ்சதுதான் வரும். பத்தலன்னு சண்டைக்கு வரக்கூடாது, கூடிப்போச்சுன்னும் வரக்கூடாது."

அதற்கு முன்பு அவர் பாவூர்சத்திரம் சந்தைக்குத்தான் காய் போட்டுக்கொண்டிருந்தார். தென்காசி–திருநெல்வேலி சாலையில் போகிறவர்கள் அந்தச் சந்தையைப் பார்த்திருக்கலாம். சுற்றுவட்டாரக் கிணற்றுப் பாசனத்தில் விளைகிற தக்காளி, கத்தரி, வெண்டை, மிளகாய், உள்ளி, பூசணி எல்லாம் அங்கே குவியும். அங்கிருந்து புளியரை, ஆரியங்காவு வழியாக லாரிகள் கேரளத்துக்குப் போகும். ஓணத்துக்கு முந்திய வாரம் விலை ஏறும். அந்த ஒரு வாரத்தைக் கணக்குப் பண்ணியே விதைக்கிறவர்கள் உண்டு. ஆனால் எல்லாத் தோட்டத்திலும் ஒரே சமயத்தில் தக்காளி பழுத்துவிட்டால் பறிகூலிக்கும் வண்டி வாடகைக்கும்கூடக் கட்டாது. செடியிலேயே விட்டுவிட்டு ஆட்டுக் கிடையை உள்ளே விடுவார்கள். 1999இல் உழவர் சந்தைகள் வந்தபோது, தரகு இல்லாமல் விற்கலாம் என்று பலருக்கு ஒரு வழி திறந்தது. அதற்கும் விடியுமுன் பறித்து, பஸ் ஏற்றி, உச்சி வரைக்கும் தராசோடு உட்கார்ந்திருக்க ஒரு ஆள் வேண்டும். இவர் வீட்டில் அம்மாவும் இவரும்தான். ஆள் இல்லாத குறைக்கு அவர் கண்ட வழிதான் இந்த வாரப் பெட்டி.

இனி சமையலுக்கு வருகிறேன். ஒரு பெட்டியைத் திறந்தால் இருப்பது இப்படித்தான்: சீனியவரை ஏராளம், கத்தரிக்காய் அரைக் கிலோ, முருங்கைக்காய் இரண்டு, வாழைக்காய் ஒன்று, தடியங்காயில் ஒரு கீற்று, சேனைக்கிழங்கில் ஒரு துண்டு, ஒரு கட்டுக் கீரை, கைப்பிடி பச்சை மிளகாய். சீனியவரையைத் தவிர எதுவும் தனியாக ஒரு குழம்பு வைக்கவோ ஒரு பொரியல் செய்யவோ காணாது. என் மனைவி நாற்காலியிலிருந்தபடியே எட்டிப் பார்த்துவிட்டு, "அவியலுக்கு அளவெடுத்து அனுப்புன மாதிரில்லா இருக்கு" என்றாள்.

அவியலை நான் வாழ்நாளெல்லாம் சாப்பிட்டிருக்கிறேன். அது ஏன் அப்படி இருக்கிறது என்பது செய்யும்போதுதான் தெரிந்தது. ஒவ்வொரு காயும் ஒவ்வொரு நேரத்தில் வேகும். முதலில் சேனை, மஞ்சள் தூளோடு. தண்ணீர் காய் மூழ்குமளவுக்கு விடக்கூடாது, சட்டியின் அடி நனைந்தால் போதும். சேனை முக்கால் வேக்காடு வந்ததும் சீனியவரையும் வாழைக்காயும். அப்புறம் முருங்கை. தடியங்காயும் கத்தரியும் கடைசியில், அவை விடுகிற தண்ணீரிலேயே மீதி வேக்காடு நடந்துவிடும். மாங்காய்க் காலமாக இருந்தால் புளிப்புக்கு மாங்காய், இல்லையென்றால் தயிர். "ஏங்க, மாங்காய இப்பவே போடாதீங்க. புளிப்பு முன்னாடியே விழுந்தா மத்த காய் வேகாம விறைச்சுக்கிடும்" என்பாள். தேங்காயும் சீரகமும் பச்சை மிளகாயும் ஒன்றிரண்டாக அரைபட்டால் போதும், மைய அரைத்தால் காய் தெரியாமல் மூடிவிடும். எல்லாம் சேர்ந்து ஒரு கொதி வந்ததும் இறக்கி, பச்சைத் தேங்காய் எண்ணெயை மேலே சுற்றிவிட்டு, கறிவேப்பிலையைக் கசக்கிப் போட்டு மூடிவிட வேண்டும். கிளறக்கூடாது. சட்டியின் இரண்டு காதையும் பிடித்துக் குலுக்க வேண்டும். அந்தக் குலுக்கல் மட்டும் எனக்குப் படிவதற்கு வெகுநாளாயிற்று.

அவியல் மட்டுமல்ல, கூட்டாஞ்சோறும் இதே புத்திதான். அரிசியும் துவரம்பருப்பும் வேகும்போதே வீட்டில் மிஞ்சிக் கிடக்கிற நாட்டுக் காயெல்லாம் நறுக்கிப் போட்டு, தேங்காய், வத்தல், சீரகம், உள்ளி அரைத்துவிட்டு, புளி கரைத்து, முருங்கைக்கீரையைத் தூவி இறக்குவது. எங்கள் வீட்டில் அது சனிக்கிழமைச் சமையலாகிவிட்டது. மறுநாள் புதுப் பெட்டி வருமுன் பழைய பெட்டி காலியாக வேண்டுமே. இந்தப் பக்கத்துச் சமையல் முறைகளை யோசித்துப் பார்க்கையில் எனக்கு ஒன்று உறுதியாகத் தோன்றுகிறது. இவை கடைக்குப் போய் ஒரே காயைக் கிலோக் கணக்கில் வாங்கியவர்கள் கண்டுபிடித்தவை அல்ல. கொல்லையில் இரண்டு, வயல் வரப்பில் நாலு, பக்கத்து வீட்டார் கொடுத்தது ஒன்று என்று கிடைத்ததைக் கூட்டிச் சமைத்தவர்களுடைய அறிவு இது. செங்கோட்டை 1956 வரை திருவிதாங்கூரோடு இருந்த ஊர். அங்கிருந்து பெண் எடுத்த வீடுகள் வழியாக ஓலனும் எரிசேரியும் இந்தப் பக்கம் கலந்திருக்கின்றன. அவையும் தடியங்காய், பூசணி, பயறு என்று கையிருப்பை வைத்துச் செய்கிற கறிகள்தான்.

சொதி மட்டும் பெட்டிக்குள் அடங்காது. எங்கள் பக்கம் மறுவீட்டுச் சாப்பாட்டுக்குச் சொதி இல்லாமல் தீராது. பாசிப்பருப்பு, தேங்காய்ப்பால், இஞ்சி, பச்சை மிளகாய், இறக்கியபின் எலுமிச்சம்பழம். எலுமிச்சைக்குப் பஞ்சமில்லை, புளியங்குடி பக்கத்திலேயே இருக்கிறது. ஆனால் உருளையும் கேரட்டும் பீன்ஸும் மலைக்காய்கள். அதற்காகச் சொதியை விட்டுவிடத் தயாராக இல்லை. பேரப்பிள்ளைகள் வரும்போது கடைக்குப் போய் வாங்கிவந்து வைப்பேன். பெட்டியில் வருவதை மட்டுமே சாப்பிடுவேன் என்று நான் நோன்பு ஏற்கவில்லை.

பெட்டி வரத் தொடங்கிய பிறகு மாதங்களின் பெயர்கள் எனக்குக் காய்களின் பெயர்களாகிவிட்டன. சித்திரையில் முருங்கையும் வெள்ளரியும் புடலையும். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் முருங்கைப் பூ உதிர்ந்துவிடும், காய் இராது, கடையில் அதன் விலையைக் கேட்டாலே மலைப்பாக இருக்கும். அப்போது கீரைதான் நமக்கு. மார்கழியில் அவரையும் மொச்சையும். தையில் சிறுகிழங்கு.

சிறுகிழங்கைப் பற்றிக் கொஞ்சம் நிறையவே சொல்ல வேண்டும். தென்காசி, திருநெல்வேலி, கன்னியாகுமரி மாவட்டங்களையும் கேரளத்தையும் தாண்டினால் இதைத் தெரிந்தவர்கள் குறைவு. கொடியை நறுக்கி ஆடி, ஆவணியில் நடுவார்கள். பகல் பொழுது குறையக் குறையத்தான் மண்ணுக்குள் கிழங்கு பிடிக்கும். அதனால் வேறு எந்தப் பட்டத்திலும் இதைக் கேட்டுப் பெற முடியாது, பொங்கலை ஒட்டித்தான் வரும். திருவனந்தபுரத்திலுள்ள மத்திய கிழங்குப் பயிர்கள் ஆராய்ச்சி நிறுவனம் ஸ்ரீதரா என்று ஒரு ரகமே வெளியிட்டிருக்கிறது. பெட்டியில் வரும்போது அது கிழங்கா, மண்ணாங்கட்டியா என்று பிரித்துப் பார்க்கத் தெரியாது. கட்டைவிரல் பருமன் இருந்தால் பெரிய கிழங்கு. ஊறப்போட்டு, ஈரச் சாக்குக்குள் கொட்டி, வாயைச் சுருட்டிப் பிடித்து, துவைகல்லில் வைத்து உருட்டி உருட்டித் தேய்க்க வேண்டும். கருப்புத் தோல் கழன்று சாக்கில் ஒட்டிக்கொள்ளும். கழன்றும் கழலாமலும் இருப்பதை ஒவ்வொன்றாக எடுத்துக் கத்தி முனையால் சுரண்ட வேண்டும். முடிவதற்குள் விரல் நுனியும் நகக்கண்ணும் கறுத்துப்போகும், எத்தனை சோப்புப் போட்டாலும் உடனே போகாது.

முதல் தையில் நான் அப்படிச் சுரண்டிக்கொண்டிருந்தபோது மனைவி என் கறுத்த விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். "பொங்கல் கழிஞ்சு ஒரு வாரத்துக்கு என் கையும் இப்படித்தான் கெடக்கும். ஒருநாளாவது கேட்டிருப்பீகளா?" என்றாள். குறையாகச் சொல்லவில்லை, சாதாரணமாகத்தான் சொன்னாள். எத்தனையோ தை மாதங்களில் அந்தப் பொரியலை ரசித்துச் சாப்பிட்டுவிட்டு ஆபீசுக்கு ஓடியவன் நான். அவள் கை என் நினைவில் எந்த நிறத்திலும் இல்லை. எனக்குப் பதில் சொல்ல வரவில்லை. வேகவைத்து, கடுகும் உளுத்தம்பருப்பும் தாளித்து, தேங்காயோடு சீரகமும் வத்தலும் பூண்டும் சதைத்துப் போட்டுப் பிரட்டி, முதல் கரண்டியை அவள் தட்டில் வைத்தேன். நெய்யில் வதங்கிய மண்வாசனை மாதிரி ஒரு மணம், வேறு எந்தக் கிழங்குக்கும் கிடையாது. உப்பு ஒரு கல் கம்மி என்றாள்.

மாசி, பங்குனியில் தக்காளி கொட்டும். பாவூர்சத்திரத்தில் தக்காளி விலை விழுந்துகிடக்கிற வாரங்களில் எங்கள் பெட்டியில் பாதி அதுதான். முதலில் ரசம், பிறகு தொக்கு, பிறகு அக்கம்பக்கம். அதே மாதங்களில்தான் வத்தல் போட வேண்டும் என்று மனைவி நாள் பார்த்துச் சொன்னாள். ஆனி பிறந்துவிட்டால் மேலகரத்து வெயிலை நம்ப முடியாது, மாடியில் காயப்போட்டது பூசணம் பிடித்துவிடும். எனவே சீனியவரை, சுண்டைக்காய், மிளகாய், மாங்காய் எல்லாவற்றையும் பங்குனிக்குள் மோரிலோ உப்பிலோ ஊறவைத்து, காயவைத்து, பானைகளில் கட்டி வைத்தாயிற்று. எதற்கு இத்தனை என்று அப்போது கேட்டேன். ஆடியில் தெரியும் என்றாள்.

ஆடியில் தெரிந்தது. தென்மேற்குப் பருவக்காற்று செங்கோட்டைக் கணவாய் வழியாகப் புகுந்து வரும்போது, குற்றாலத்துக்கு வந்தவர்கள் சாரலில் நனைந்துகொண்டு ஐந்தருவிக் கடையில் மங்குஸ்தானும் ரம்புத்தானும் வாங்குவார்கள். அதே நேரத்தில் கிழக்கே ஆலங்குளத்தில் ஒரு சொட்டு விழாமல் புழுதி பறக்கும். மழை ஒரு பக்கத்துக்கும் காற்று மறுபக்கத்துக்கும் என்று பிரித்துக்கொடுத்த மாதிரி. இடைப்பட்ட தோட்டங்களில் காற்றுதான் மிச்சம். ஒரு ஞாயிற்றுக்கிழமை தம்பி வந்தபோது டிரேயில் பாதிக்குக் கீழே இருந்தது. பப்பாளிக்காய் ஒன்று, ஒடிந்த மிளகாய்ச் செடிகளிலிருந்து பறித்த மிளகாய், ஒரு வாழைப்பூ, வாழைத்தண்டு. முகத்தைப் பார்க்காமலே சொன்னார்: "காத்து கடுசா அடிக்கு அண்ணாச்சி. வாழ பூரா சாஞ்சிட்டு. பந்தல் புடலையும் போச்சு. இந்த வாரத்துக் கணக்க அடுத்த மாசத்துல கழிச்சுக்கிடுங்க."

எனக்குப் பேச்சு எழவில்லை. அடுப்படியிலிருந்து மனைவிதான் குரல் கொடுத்தாள். "கழிக்கவெல்லாம் வேண்டாம்யா. தக்காளி கொட்டுன மாசம் நீ கூடக் காசு கேட்டியா? சாஞ்ச வாழைல தண்டு இன்னும் இருந்தா கொண்டா."

ஜப்பானில் இப்படிக் குடும்பங்கள் ஒன்றுசேர்ந்து ஒரு விவசாயியிடம் நேரடியாக விளைச்சலை வாங்கிக்கொள்ளும் முறைக்குத் தெய்கெய் என்று பெயர். 1970களில் வேர்பிடித்தது. அமெரிக்காவில் 1986இல் இதே ஏற்பாட்டோடு பண்ணைகள் தொடங்கின. அறுவடைக்கு முன்பே பங்குத் தொகையைக் கட்டிவிட்டு, நல்ல விளைச்சலையும் கெட்ட விளைச்சலையும் சேர்ந்து ஏற்றுக்கொள்வதுதான் இவற்றின் அடிப்படை. இதையெல்லாம் நான் பின்னால் படித்துத் தெரிந்துகொண்டேன். என் மனைவி எதையும் படிக்காமலே அதைச் சொல்லிவிட்டாள். களத்தில் நெல் கூடினாலும் குறைந்தாலும் அதைத்தான் சாப்பிட்டாக வேண்டும் என்றிருந்த வீட்டில், கார், பிசானம் என்ற நெல் போகங்களைக் கண்டு வளர்ந்தவள்.

அந்த ஆடி மாதம் முழுக்க வத்தல் பானைகள்தான் எங்களுக்குச் சோறு போட்டன. சுண்டவத்தல் குழம்பு, மாங்காய் வத்தல் போட்ட பருப்பு, உளுந்தஞ்சோறும் எள்ளுத் துவையலும், வாழைத்தண்டுக் கூட்டு, வாழைப்பூத் துவரன். வாழைப்பூவில் ஒவ்வொரு பூவிலும் நரம்பு எடுக்க வேண்டும், அதற்கு இரண்டு பேர் வேண்டும். மடங்கிய விரல்களானாலும் பூவின் இதழைப் பிரித்து என் பக்கம் தள்ளுகிற வேலையை அவள் எடுத்துக்கொண்டாள். நான் நரம்பை உருவிப் போடுவேன். ஒரு பூ முடிவதற்குள் வெளியே சாரல் இரண்டு முறை வந்து போயிருக்கும். கல்யாணமான நாளிலிருந்து நாங்கள் இருவரும் எதிரெதிரே உட்கார்ந்து இவ்வளவு நேரம் பேசியதில்லை. அவள் அம்மா வீட்டுக் கொல்லையில் எந்த மூலையில் என்ன செடி நின்றது, எந்தச் சித்தி எதை எப்படித் தாளிப்பாள் என்பதெல்லாம் அந்த ஒரு மாதத்தில்தான் எனக்குத் தெரியவந்தது.

இப்போது தம்பிக்கு ஒரு யோசனை வந்திருக்கிறது. பங்கு வாங்குகிற சில வீடுகளில் சீனியவரையைப் பார்த்துச் சலித்துக்கொள்கிறார்களாம். சந்தையிலிருந்து கொஞ்சம் கேரட், கோஸ் வாங்கிப் பெட்டியில் கலந்துவிடலாமா என்று கேட்டார். நான் வேண்டாம் என்றேன். அவர்களுக்கும் அவியல் எப்படிச் செய்வது என்று சொல்லித் தருகிறேன், வேண்டுமானால் என் வீட்டுக்கே வரச் சொல் என்றேன். இரண்டு வீட்டிலிருந்து வந்தார்கள். ஒருவர் மத்தளம்பாறையில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கிற இளைஞர். சட்டியை அவர் குலுக்கிய விதம் என்னைவிட லாவகமாக இருந்தது.

இந்த ஆடிப் பிறப்பில் சிறுகிழங்குக் கொடி நடுவதற்கு முன்பு தம்பி ஒவ்வொரு வீடாகப் போன் பண்ணிக் கேட்டார், தைக்கு எவ்வளவு வேணும் என்று. விதைக்குமுன்னே வாங்குகிறவரைக் கேட்டு ஒரு விவசாயி நடுவது இந்தப் பக்கம் அபூர்வம். போனை மனைவியின் காதில் வைத்தேன். "போன வருசத்தைக் காட்டிலும் ஒரு மடங்கு கூடப் போடுய்யா, மதுரையில பொண்ணு வீட்டுக்கும் அனுப்பணும்" என்றவள், என் பக்கம் திரும்பி, "சாக்கு ஒண்ணு நல்லதா வாங்கி வைங்க, பழசு கிழிஞ்சுட்டு" என்றாள்.